தூரிகையும் ஒரு சாட்சியே!

(கலை இலக்கியக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முஸ்லிம் மாதரும் ஓவியக் கலையும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். சட்டப் புத்தகத்தோடு வாழ்பவருக்கும் ஓவியத்துக்கும் என்ன உறவு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். வண்ணத்தையும் கோட்டையும் நிறுத்துப் பார்க்கும் விமரிசகராக நான் இம்மேடைக்கு வரவில்லை. ஒரு வழக்கை எடுத்துரைக்கவே வந்திருக்கிறேன். ஒரு பெண் தன்னைப்பற்றித் தானே சொல்லும் சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி? முழுப் பெறுமதியா? அரைப் பெறுமதியா? அல்லது பெறுமதியே இல்லையா? வழக்கு இதுதான்.

இவ்வினா பாகிஸ்தான் நாட்டில் 1980ஆம் ஆண்டுகளில் நீதிமன்றத்திலும் தெருவிலும் ஓவியக்கூடத்திலும் ஏறத்தாழ ஒரே வேளையில் எழுந்தது. அங்குள்ள முஸ்லிம் மாதர் அதற்கு மனுக்களால் விடை சொன்னார்கள். ஊர்வலத்தால் விடை சொன்னார்கள். தூரிகையாலும் விடை சொன்னார்கள். அந்த வரலாற்றை அறிந்து கொள்வது தமிழ் பேசும் மக்களாகிய நமக்குப் பயனுடையது என்பது என் துணிபு. ஏன் என்பதை முடிவிற் கூறுகிறேன்.

சாட்சியை எண்ணுவதா, நிறுப்பதா?

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். நமது நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. அதன் தாய், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம். அதே சட்டம் பாகிஸ்தானிலும் 1984ஆம் ஆண்டு வரை நிலவியது. ஆகவே சாட்சியம் என்னும் விடயத்தில் நாமும் அவர்களும் ஒரு தாய் மக்களாக இருந்தோம்.

அந்தச் சட்டத்தின் 134ஆம் பிரிவு மிகச் சிறியது. ஆனால் மிகப் பெரிய உண்மையைச் சொல்வது. எந்த விடயத்தை எண்பிப்பதற்கும் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது என்பதே அது. சாட்சியம் நிறுக்கப்பட வேண்டியது; எண்ணப்பட வேண்டியதன்று. இரவோடிரவாக எல்லை வேலியின் கதியால்கள் பிடுங்கி நடப்பட்டதைக் கண்டவள் ஒரு தனிப் பெண்ணாக இருக்கலாம். அவளுக்கு எழுத்தறிவு இல்லாதிருக்கலாம். எனினும் அவள் சொல்வது உண்மை என்று நீதவானுக்குத் தோன்றினால், அந்த ஒரு சொல்லே போதும். அவள் ஆணா பெண்ணா, சைவமா இஸ்லாமா, பணக்காரியா பஞ்சையா என்று அப்பிரிவு கேட்பதில்லை.

1977ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஜெனரல் சியா-உல்-ஹக் பாகிஸ்தானின் ஆட்சியைக் கைப்பற்றினார். மக்களின் வாக்கினால் வராத ஆட்சிக்கு வேறொரு நியாயம் தேவைப்பட்டது. மார்க்கத்தின் பெயரை அது துணைக்கு அழைத்தது. 1979ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹுதூத் கட்டளைச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. வல்லுறவுக் குற்றத்துக்கு அச்சட்டத்தின் உச்ச தண்டனையை விதிப்பதானால், வயதுவந்த முஸ்லிம் ஆடவர் நால்வர் கண்ணாரக் கண்ட சாட்சியம் வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணின் சொல் அந்த எண்ணிக்கையிற் சேராது. அதுமட்டுமன்று, முறையிட்ட பெண் தன் முறைப்பாட்டை எண்பிக்கத் தவறினால், அவளே ஒழுக்கம் தவறியவள் என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவும் வழி இருந்தது.

இஃது ஏட்டளவில் நின்ற ஆபத்தன்று. சாஹிவால் நகர நீதிமன்றமொன்றில், பார்வை மிகக் குன்றிய ஏழை இளம் பெண் ஒருத்திக்கு நேர்ந்தது உலகறிந்த செய்தி. அவள் கருவுற்றமையே அவளுடைய குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. கெடுத்தவர்கள் என்று சொல்லப்பட்ட ஆடவர் போதிய சான்றில்லை என விடுவிக்கப்பட்டனர். அவளுக்கோ சிறையும் கசையடியும் தண்டமும் விதிக்கப்பட்டன. நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பின்னர், கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றமே அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. மார்க்கத்தின் பெயரால் விதித்த தண்டனையை மார்க்க நீதிமன்றமே நீக்கியது என்பதைக் கவனித்துக் கொள்ளுங்கள். ஆகவே இவ்வழக்கில் இஸ்லாத்தை எதிரியாக நான் கூண்டில் நிறுத்தவில்லை. எதிர்த்து நின்ற பெண்களும் முஸ்லிம்களே. தொழுத கையோடுதான் அவர்களுட் பலர் மனுவில் ஒப்பமிட்டார்கள்.

லாகூர் வீதியில்

1981ஆம் ஆண்டு கராச்சியில் மகளிர் செயல் மன்றம் தோன்றியது. விரைவில் லாகூரிலும் பிற நகரங்களிலும் அது வேரூன்றியது. அடுத்துச் சான்றுச் சட்டத்தையே மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. இரண்டு பெண்களின் சாட்சியம் ஓர் ஆணின் சாட்சியத்துக்குச் சமம் என்பது முன்மொழிவின் சாரம்.

1983ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள், லாகூர் மேல் நீதிமன்றத்துக்கு மனுக் கொண்டு செல்லப் பெண்கள் திரண்டார்கள். வழக்கறிஞர், ஆசிரியைகள், ஓவியர், இல்லத்தரசிகள் எனப் பல துறையினரும் அங்கே நின்றனர். கூட்டம் கூடத் தடை இருந்தது. பொலிசார் குண்டாந்தடியால் அடித்தனர். கண்ணீர்ப் புகை வீசினர். ஏறத்தாழ 50 பெண்கள் கைது செய்யப்பட்டனர். அவர்களுக்குத் துணையாக வந்த கவிஞர் ஹபீப் ஜாலிபும் அடிபட்டார். அந்த நாளே பின்னர் பாகிஸ்தானில் தேசிய மகளிர் தினமாகக் கொண்டாடப்படலாயிற்று.

அந்த அடி வீண்போகவில்லை. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த சான்றுக் கட்டளையின் 17ஆம் உறுப்புரை, பணம் சார்ந்த கடப்பாடுகளைப் பற்றி எழுதப்படும் ஆவணங்களுக்கு மட்டும் இரண்டு ஆடவர், அல்லது ஓர் ஆடவரும் இரண்டு பெண்களும் சாட்சியொப்பமிட வேண்டும் என்று வகுத்தது. பிற விடயங்களில் ஓர் ஆணின் அல்லது ஒரு பெண்ணின் சாட்சியத்தை ஏற்க நீதிமன்றத்துக்கு உரிமை தந்தது. முழு வெற்றி அன்று. ஆயினும் முழுத் தோல்வியுமன்று. வல்லுறவுக் குற்றம் ஹுதூத் சட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தண்டனைச் சட்டக் கோவைக்கு மீண்டும் வந்தது 2006ஆம் ஆண்டிலேதான். 27 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற நீதி அது.

பதினைவர் கூடினர்

இனி ஓவியக்கூடத்துக்குள் நுழைவோம். அதே 1983ஆம் ஆண்டு, லாகூரில் 15 பெண் ஓவியர்கள் கூடி ஒரு பிரகடனத்தில் ஒப்பமிட்டார்கள். நாட்டிலே பெண்களின் நிலை தாழ்ந்து வருவதை அவர்கள் கவலையோடு குறித்தார்கள். அந்நாட்டின் கலைக் கல்வியை முன்னோடிகளாக நின்று வளர்த்ததில் பெண்களுக்குள்ள பங்கை எடுத்துரைத்தார்கள். அந்தப் பிரகடனம் அப்போது வெளியிடப்படவில்லை. வெளியிடும் காலமும் அன்று. அவர்களுள் ஒருவரான சலீமா ஹஷ்மி, பாகிஸ்தானியப் பெண் ஓவியரின் வாழ்வையும் படைப்பையும் பற்றிப் பின்னாளில் எழுதிய நூலின் வாயிலாகவே உலகம் அதனை அறிந்தது. இவர் பெருங்கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் மகள். லாகூர் தேசியக் கலைக் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்து, அதன் அதிபராகவும் விளங்கியவர்.

பெண்கள் முன்னோடிகள் என்று அவர்கள் சொன்னது வீண்பெருமையன்று. லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையை 1940ஆம் ஆண்டிலே தொடக்கியவர் அன்னா மொல்கா அகமது என்ற பெண். நாடு பிறந்து இரண்டாண்டுகள் ஆகுமுன், 1949இல், கராச்சியில் தம் நவீன ஓவியங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தவர் சுபைதா ஆகா. அதற்கு முன்னும் போகலாம். மொகலாயப் பேரரசன் ஜஹாங்கீர் காலத்தில் வாழ்ந்த சஹீஃபா பானு என்ற பெண்ணின் பெயர் தாங்கிய நுண்ணோவியங்கள் எஞ்சியிருக்கின்றன. முஸ்லிம் பெண்ணுக்கும் ஓவியத்துக்கும் தொடர்பில்லை என்பார்க்கு இந்தப் பெயர்களே மறுமொழி.

சியாவின் ஆட்சி ஓவியரிடம் எதனை விரும்பியது? அழகிய அரபு எழுத்தோவியத்தையும், ஆளற்ற நிலக்காட்சியையும் அது விரும்பியது. எழுத்தோவியம் இஸ்லாமிய உலகின் மாபெருங் கலை, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கலையைப் போற்றுவது வேறு. அதனைத் திரையாக்கி மற்றொன்றை மறைப்பது வேறு. மனித உருவம், சிறப்பாகப் பெண் உருவம், ஐயத்துக்குரியதாயிற்று. மறைக்கச் சொன்ன அந்தப் பெண் உருவத்தையே இவர்கள் தம் பொருளாக எடுத்துக் கொண்டார்கள். ஆட்சியாளரோ படம் கீறுவதைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று கருதியிருக்க வேண்டும். பத்திரிகையைத் தணிக்கை செய்தவர்கள் தூரிகையை அத்தனை கூர்ந்து பார்க்கவில்லை. அலட்சியப்படுத்தப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதுதான். அதனை அவர்கள் வீணாக்கவில்லை.

கொல்லைப்புறத்து அச்சகம்

லாலா ருக் என்பவரைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1948ஆம் ஆண்டு லாகூரிற் பிறந்து, 2017ஆம் ஆண்டு மறைந்தவர். சிக்காகோவிற் பயின்று, தேசியக் கலைக் கல்லூரியில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆசிரியராயிருந்தவர். மகளிர் செயல் மன்றத்தைத் தொடக்கியவர்களுள் ஒருவர்.

மன்றத்துக்குச் சுவரொட்டி வேண்டும். ஆனால் இராணுவ ஆட்சிக்கு அஞ்சி எந்த அச்சகம் அதனை அச்சிடும்? லாலா ருக் தம் இல்லத்திலேயே திரை அச்சைத் தொடங்கினார். பெரிய பொறியேதும் அதற்கு வேண்டியதில்லை. மரச்சட்டத்தில் மெல்லிய துணியை இறுக்கிக் கட்டி, மை இறங்கக் கூடாத இடங்களை அடைத்து, மேலே மையை ஊற்றி ஒரு பட்டையால் இழுத்தால், கீழே உள்ள தாளிற் படம் பதிந்துவிடும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கிற் பதிக்கலாம். சோதனைக்கு ஆள் வந்தால் சட்டத்தைக் கழற்றி மூலையிற் சாத்திவிடலாம். இந்தத் தொழிலைத் தாமே வைத்துக் கொள்ளாமல், ஏனைய பெண்கள் அமைப்புகளும் கற்றுக்கொள்ள 1987ஆம் ஆண்டில் ஒரு கைந்நூலும் ஆக்கினார். எங்கள் கொல்லைப்புறத்திலேயே என்பது அதன் தலைப்பின் பொருள்.

அரசியல் வேலை செய்பவர்கள் இதனை உற்று நோக்க வேண்டும். அச்சகம் மறுத்தது என்று அவர் மேடையேறிப் புலம்பவில்லை. அச்சகத்தை வீட்டுக்குள் கொண்டு வந்தார். பின்னர் அதனை ஊருக்குக் கொடுத்தார்.

இதே லாலா ருக் தமக்கென்று என்ன வரைந்தார் தெரியுமா? கடல். இருண்ட தாளிலே மெல்லிய சில கோடுகள், நிலா வெளிச்சம் படும் நீர், தொலைவில் அடிவானம். சற்று விலகி நின்றால் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும் படங்கள். முக்காடு இல்லை, சங்கிலி இல்லை, கண்ணீர் இல்லை. தெருவிற் குரலெழுப்பியவர் தாளில் மௌனத்தை வரைந்தார். 2017ஆம் ஆண்டு ஏதென்சிலும் காசலிலும் நடைபெற்ற டொக்குமென்டா என்னும் பெருங் கண்காட்சியில் அவர் படைப்பும் இடம்பெற்றது.

முஸ்லிம் பெண்ணின் அடையாளம் எங்கே அந்தக் கடலில் என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்வியே தவறானது என்பேன். தமிழ் விவசாயி ஒருவர் பாட்டெழுதினால் அவர் கலப்பையைப்பற்றி மட்டுமே பாட வேண்டுமா? முஸ்லிம் பெண் என்றால் முகத்திரையைத்தான் வரைய வேண்டும் என்று மேல்நாட்டார் எதிர்பார்க்கிறார்கள். எதையும் வரையாதே என்று இங்குள்ள சிலர் சொல்கிறார்கள். இருவரும் அவளுக்குக் கட்டளையிடுகிறார்கள் என்பதில் வேறுபாடில்லை. தான் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமையே அடையாளத்தின் முதல் எழுத்து.

வீட்டுக்குள் நடந்தவள்

லாகூரிலே பிறந்த மற்றொருவர் ஷாஸியா சிக்கந்தர். பிறந்த ஆண்டு 1969. தேசியக் கலைக் கல்லூரியில் அவர் மாணவியாயிருந்த காலத்தில் நுண்ணோவியம் பழங்காலச் சரக்கு என்று பலராலும் ஒதுக்கப்பட்டிருந்தது. நிலத்தில் அமர்ந்து, தாளின் மேல் தாளை ஒட்டி மெருகிட்டு, அணிலின் மயிரால் ஆன தூரிகையைக் கொண்டு, புள்ளி புள்ளியாக மாதக்கணக்கில் வரையும் வேலை அது. ஆசான் பஷீர் அகமதுவிடம் அதனை அவர் முறையாகக் கற்றார்.

1989–90ஆம் ஆண்டுகளில் அவர் வரைந்த சுருளோவியம் ஏறத்தாழ 5 அடி நீளமும், ஓரடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும் உடையது. தேயிலைச் சாயம் ஏற்றிய தாள். ஒரு வீடு, பல அறைகள், உண்பார், உறங்குவார், வேலை செய்வார். வெண்ணிற உடையணிந்த ஓர் இளம்பெண் அறைக்கு அறை நடந்து செல்கிறாள். ஓரிடத்திலும் அவள் முகம் நமக்குத் தெரிவதில்லை. படத்தின் முடிவில் அவள் நமக்கு முதுகு காட்டி நின்று, தூரிகையோடு ஒரு பெண்ணின் உருவத்தை வரைந்து கொண்டிருக்கிறாள்.

அரசர் வேட்டையாடியதையும் அரசவை கூடியதையும் வரைந்த கலையிலே, ஒரு சாதாரண வீட்டுப் பெண் அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடப்பதை வரைந்தது சிறு செயலா? தாய்மார்களே, உங்கள் நாளும் அப்படித்தானே அறைக்கு அறை நடந்து கழிகிறது? அதற்கு எவர் சாட்சி? அந்தப் படம் ஒரு சாட்சி.

கராச்சியில் நைஸா கான் என்பவர் 2002ஆம் ஆண்டளவில், மருதோன்றிக் குழம்பால் கைவடிவங்களைப் பதித்துப் பதித்து, அவற்றாலேயே முழுப் பெண் உருவங்களைப் புகையிரத நிலையத்தை அண்டிய தெருச் சுவர்களில் ஆக்கினார். மணப்பெண்ணின் உள்ளங்கையில் ஒளிந்திருக்க வேண்டிய சிவப்பு, ஆடவர் நடமாடும் வீதிக்கு வந்தது. சில உருவங்களைச் சிலர் சிதைத்தனர். ஏனையவை வெயிலிலும் மழையிலும் மங்கின. ஆயிஷா காலித் என்பவர் காஷ்மீரச் சால்வை போன்ற துணிகளிலே, பொன்முலாம் பூசிய குண்டூசிகளைக் குத்திக் கோலம் செய்தார். முன்புறம் கண்ணைப் பறிக்கும் பொன் வேலைப்பாடு. பின்புறம் ஆயிரமாயிரம் ஊசி முனைகள். பெண்ணின் அலங்காரத்தைப் பாராட்டுகிறவர்கள் மறுபக்கத்தையும் தொட்டுப் பார்க்கட்டும் என்று அந்தத் துணி சொல்கிறது.

நீதிமன்றக் கூரையில் ஒரு பெண்

ஷாஸியா சிக்கந்தர் பின்னர் அமெரிக்காவிற் குடியேறினார். நியூயோர்க் நகரில் 1900ஆம் ஆண்டளவில் எழுந்த மேன்முறையீட்டு நீதிமன்றக் கட்டடம் ஒன்று உண்டு. அதன் கூரை விளிம்பிலே மோசே, கன்பூசியஸ், ஜஸ்டினியன் முதலிய சட்டம் தந்த ஆடவரின் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. நபிகள் நாயகத்தின் பெயராலும் ஒரு சிலை அங்கே இருந்தது. உருவம் சமைப்பது இஸ்லாமிய மரபுக்கு ஒவ்வாது என்று முஸ்லிம் நாடுகள் கேட்டுக்கொண்டதனால் 1955ஆம் ஆண்டில் அஃது அகற்றப்பட்டது. ஒரு மக்களின் உணர்வுக்கு மதிப்பளித்த நற்செயல் அது.

2023ஆம் ஆண்டில் அதே கூரையில், அந்த ஆடவர் வரிசையில், தாமரையிலிருந்து எழும் பொன்னிறப் பெண் உருவமொன்றை ஷாஸியா நிறுவினார். கழுத்திலே நீதியரசி ரூத் பேடர் கின்ஸ்பேர்க்கை நினைவூட்டும் சரிகைக் கழுத்துப்பட்டை. சட்டம் தந்தோர் வரிசையில் ஒரு பெண்; அவளை அங்கே நிறுத்தியவர் லாகூரில் வளர்ந்த ஒரு முஸ்லிம் பெண். இரண்டு பெண் சாட்சிகள் ஓர் ஆணுக்குச் சமமா என்று வாதாடிய நகரத்தில் வளர்ந்தவர் அல்லவா?

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அதே தொகுதியைச் சேர்ந்த, 18 அடி உயரமான மற்றொரு பெண் உருவம் 2024ஆம் ஆண்டில் ரெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டது. அதன் பெயர் சாட்சி! அங்குள்ள கிறிஸ்தவப் பழைமைவாதிகளுட் சிலர் அதனைச் சாத்தானின் உருவம் என்று எதிர்த்தார்கள். திட்டமிட்ட திறப்பு நிகழ்ச்சியும் ஓவியரின் உரையும் கைவிடப்பட்டன. 2024 யூலை 8ஆம் நாள், நகரைப் புயல் தாக்கிய வேளையில், ஒருவன் சம்மட்டி கொண்டு அச்சிலையின் தலையைத் துண்டித்தான். பழுது பார்த்துத் தருவோம் என்றபோது ஷாஸியா மறுத்துவிட்டார். தலையற்றே நிற்கட்டும்; நடந்ததற்கு அதுவே சாட்சியாகட்டும் என்பது அவர் முடிவு.

பெண்ணின் உருவத்தைக் கண்டு அஞ்சுவது முஸ்லிம்களுக்கே உரிய குணம் என்று இனி எவரும் சொல்லாதிருக்கட்டும். லாகூரில் ஒருவர் கையில் குண்டாந்தடி. ரெக்சாசில் இன்னொருவர் கையில் சம்மட்டி. மதம் வேறு, மொழி வேறு, அச்சம் ஒன்றே.

நமது வேலியைப் பார்ப்போம்

இதனால் நமக்கென்ன என்று கேட்கும் உரிமை உங்களுக்குண்டு. இதோ விடை.

நமது நாட்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டுக்குரியது. அச்சட்டம் மணமகனின் ஒப்பத்தையும் மணமகளின் வலீயாகிய காப்பாளரின் ஒப்பத்தையும் கேட்டது. மணமகளின் ஒப்பத்தைக் கேட்கவில்லை. காதி நீதிபதிப் பதவியை ஆடவருக்கே உரியதாக்கியது. சித்திரத்தின் மூலையிலே தன் பெயரை எழுதும் ஒரு பெண், தன் மணப்பதிவேட்டிலே எழுதத் தேவையில்லை என்பது சட்டம்! இதனைத் திருத்த 2009ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குழு, 2018ஆம் ஆண்டிலேதான் அறிக்கை கையளித்தது. ஒரு கையெழுத்தைப்பற்றி ஆராய ஒன்பது ஆண்டுகள்! திருத்தம் வேண்டும் என்று ஆண்டாண்டாகக் குரல் கொடுத்து வருபவர்கள் அச்சமூகத்துப் பெண்களே. அதே வேளையில், முஸ்லிம்களை அடக்குவதற்கு இதனை ஒரு சாட்டாக எடுக்க முனையும் பேரினவாதிகளும் உண்டு. சகோதரிகளின் குரலுக்குச் செவிசாய்ப்பது வேறு. அந்தக் குரலைக் களவாடி அவர்களின் சமூகத்தையே அடிப்பது வேறு. முன்னதைச் செய்வோம், பின்னதற்கு உடந்தையாகோம்.

ஆனால் அவர்களுக்கு அறிவுரை கூறுமுன் நமது வேலியைப் பார்ப்போம். தேசவழமைக்கு உட்பட்ட நம் பெண்களின் நிலை யாது? யாழ்ப்பாணத்து விவாக உரிமை, முதுசம் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மணமான பெண்ணின் காணி அவளுக்கே சொந்தம் என்கிறது. அடுத்த மூச்சிலேயே, அந்தக் காணியை அவள் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்கிறது. தாய் தந்தையர் வியர்வை சிந்தித் தேடிக் கொடுத்த சீதனக் காணி. உறுதியில் அவள் பெயர். ஆனால் அவள் ஒப்பம் மட்டும் போதாது! கணவன் பிரிந்து சென்றாலும், சம்மதத்தை நியாயமின்றி மறுத்தாலும், அவள் மாவட்ட நீதிமன்றத்தின் படியேறித் தன் நிலத்தை விற்க அனுமதி கேட்க வேண்டும். போரிலே கணவன் காணாமற் போன எத்தனையோ பெண்கள் வாழும் மண்ணில் இந்த விதியின் பாரத்தை எண்ணிப் பாருங்கள். நொத்தாரிசின் மேசைக்கு முன்னால் அரை ஆளாக நிற்பவள் முஸ்லிம் பெண் மட்டுமல்லள். நம் வீட்டுப் பெண்ணுந்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தமிழ் பேசும் மக்கள் என்ற சொல்லை நாம் 1950ஆம் ஆண்டுகளிலிருந்து மேடைதோறும் முழங்கி வருகிறோம். அச்சொல்லுக்குள் முஸ்லிம் மக்களும் அடக்கம் என்றே முழங்கினோம். எனினும் 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில், வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. குழந்தையை இடுப்பிலும் முதியவரைக் கையிலும் தாங்கிச் சென்ற அந்தப் பெண்களின் சாட்சியத்தை நாம் முழுமையாகக் கேட்டோமா? அதனை எண்ணினோமா, நிறுத்தோமா, அல்லது கேளாத செவியராக இருந்து விட்டோமா? இந்த வினாவுக்கு நேர்மையாக முகங்கொடுக்காதவரை, தமிழ் பேசும் மக்கள் என்பது வெறும் மேடைச் சொல்லாகவே இருக்கும்.

நாம் செய்யத்தக்கவை

கலை வயிற்றை நிரப்புமா என்று ஒரு நண்பர் கேட்டார். நிரப்பாது. வாக்குச் சீட்டும் வயிற்றை நிரப்புவதில்லை. காணி உறுதியும் நிரப்புவதில்லை. ஆனால் அவை இல்லாதவன் பயிரிட்டதைப் பிறன் அறுத்துச் செல்வான். தன் வாழ்வைத் தானே சொல்லும் உரிமையும் அத்தகைய ஓர் உறுதியே.

ஆகவே மூன்று விடயங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, தேசவழமையின் கணவர் சம்மத விதியை நீக்குமாறு தமிழ்ப் பிரதிநிதிகளும் சட்டத்தரணிகளுமாகிய நாமே கோரிக்கை எழுப்ப வேண்டும். பிறர் வந்து திருத்தும்வரை காத்திருப்பது நமக்குப் பெருமையன்று. இரண்டாவது, முஸ்லிம் விவாகச் சட்டம்பற்றிப் பேச்செழும் இடமெல்லாம், முதற் பேச்சு அச்சமூகத்துப் பெண்களுடையதாக இருக்க வேண்டும் என்று நாம் வலியுறுத்த வேண்டும். நமது கருத்து அதன் பின்னர் வரட்டும். மூன்றாவது, நம் ஊர்களின் வாசிகசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் ஆண்டுக்கொரு முறையேனும் பெண்களின் சித்திரக் கண்காட்சி நடைபெறட்டும். தமிழ்ப் பிள்ளையின் படமும் முஸ்லிம் பிள்ளையின் படமும் ஒரே சுவரில் தொங்கட்டும். என்ன வரைய வேண்டும் என்று எவரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டாம். முக்காட்டை வரைகிறவள் முக்காட்டை வரையட்டும். கடலை வரைகிறவள் கடலை வரையட்டும். மாம்பழத்தை வரைகிறவளும் வரையட்டும். ஒரேயொரு நிபந்தனை: ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அவள் தன் பெயரைத் தன் கையால் எழுத வேண்டும். அதற்கு அருகிலே தந்தையின் ஒப்பமோ கணவனின் ஒப்பமோ வேண்டியதில்லை.

ஒரு சாட்சி போதும் என்கிறது நமது சட்டத்தின் 134ஆம் பிரிவு. அந்த ஒரு சாட்சி ஒரு பெண்ணாக இருந்தாலும், அவள் சொல் முழுச் சொல்லே. அதை நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்ட நாம் வீட்டிலும் ஊரிலும் ஏற்றுக்கொள்வோமாக.